என்னைக் கேட்காத பொருத்தனை

என் அன்பான அம்மாவுக்கு,

நைனா விடியற்காலையில் முகத்துவாரம் பக்கம் மீனுக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை. வாடைக்காற்று ஏறிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ கர்த்தரிடம் போன பிறகு அதே இடத்தில்தான் அவர் படகு கவிழ்ந்து கை முறிந்தது. அன்றைக்கே ஊர் பேச ஆரம்பித்தது. கைக்குழந்தையாக நான் ஜுரத்தில் துவண்டபோது, பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் படகு சேற்றில் தட்டி நின்றதாமே. இவள் பிழைத்தால் உமது ஊழியத்துக்கே கொடுக்கிறேன் என்று அங்கே பொருத்தனை செய்தாய். பிழைத்தவள் மீஞ்சூரில் மருந்துக்கடை வேலைக்குப் போகிறேன், அதுவும் சந்தோஷமாகப் போகிறேன். பொருத்தனை தீர்க்காத வீடு, அதனால்தான் அடி விழுகிறது என்கிறார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம்தான் அம்மா. வேதத்தில் அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கேட்டா ஆலயத்துக்குக் கொடுத்தாள் என்பாய். அப்பனின் பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகளுக்காவது இரண்டு மாதத் தவணை கிடைத்தது. பால் மறந்த நாளிலிருந்து நீ கர்த்தருடைய பிள்ளை என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, எது தன் ஆசை, எது உன் ஆசை என்று எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சாமுவேல் ஏற்கெனவே ஆலயத்தில்தானே படுத்திருந்தான்? கொடுத்தாகிவிட்ட பிள்ளையைக் கர்த்தர் எதற்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்ப வர வேண்டும்?

போன சனிக்கிழமை சாயங்காலம், ஊழியத்துக்குப் படிக்க வேதாகமக் கல்லூரிக்குப் போகச் சம்மதம் என்று நைனாவிடம் சொன்னேன். அவருக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் என்பதையும் மறைக்கவில்லை. கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் பயமாத்தான் கீது. அதுக்காக உன்னைக் குடுத்துட்டு நான் நிம்மதியா வலை போடுவேனா இன்னா?"

மறுநாள் ஆராதனையில், என் சம்மதத்தைக் கேள்விப்பட்டிருந்த பாஸ்டர் என்னைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, ஊழியத்துக்கு மனப்பூர்வமாக வருகிறாயா என்று கேட்டார்.

"இல்லீங்க பாஸ்டர். எங்கம்மா என்னைக் குடுத்தாங்க. ஆனா என்னை இன்னும் யாரும் கூப்பிடல."

பின்வரிசையில் நைனா மட்டும் எழுந்து நின்றார். பாஸ்டர் ஜெபத்தை முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

கை சரியான பிறகு இன்றுதான் முதல்முறை போயிருக்கிறார். நான் சொன்ன 'இல்லை'க்கு என்ன பதில் வரப்போகிறது என்று ஊரே கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும்தான் அம்மா, பொய் சொல்வானேன்?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவர் நல்லபடியாக வந்தால், கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். வராவிட்டால் தண்டித்தார் என்றும் சொல்ல மாட்டேன், என் காதுபட யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். என்றைக்காவது என் பேர் சொல்லி அந்தக் குரல் கூப்பிட்டால், பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.

காற்று இன்னும் அடங்கவில்லை. நான் கரைக்குப் போகிறேன்.

நீ கொடுத்துவிட்ட பிறகும் உன்னுடையவளாகவே இருக்கிற மகள்,
எஸ்தர்