முதலில் அளந்த மாடி

இன்று காலை என் வீட்டு மாடியில் அளவு டேப்பைச் சர்ரென்று இழுத்தார் நகராட்சியின் வரி வசூலர். திண்டிவனத்துப் பழைய வீட்டின் மேல் ஓர் அறை கட்டியிருக்கிறேன். பூச்சு இன்னும் காயவில்லை. "அளக்க வாங்கன்னு நீங்களே ஆபீசுக்கு வந்து சொல்றீங்களே சார், யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார். ஒருவர் சொன்னார் என்றேன். டேப்பின் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து உங்கள் நினைவுதான், தலைவரம்மா.

விழுப்புரம் போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்னப் பேரூராட்சிக்கு அப்போது நீங்கள் தலைவர். ஊருக்குத் தலைவரம்மா. நான் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்க வந்த அந்த ஆண்டு, பட்ஜெட்டின் நிலைமை செய்தியாளனான எனக்கு முன்பே தெரியும். வருகிற மானியத்தில் பெரும்பகுதியை ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும் மருத்துவச் செலவும் எடுத்துக்கொண்டன. மிச்சத்தில் சம்பளம், மின்கட்டணம். தெருவிளக்கு மாற்றக்கூடத் திண்டாட்டம். வீட்டுவரியோ பழைய அளவிலேயே நின்றது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகியிருந்தன. வரி மட்டும் ஓட்டு வீட்டுக்குத்தான்.

கவுன்சிலர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். மருத்துவ பில்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்டுவது. அந்த பில்களில் ஒன்று கன்னியம்மாவுடையது. துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாராவாரம் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறுகிறவர். கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்பி வராவிட்டால் சிகிச்சை நின்றுவிடும்.

பென்ஷன்காரர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த நாளிலேயே பட்ஜெட் கூட்டத்தை வைத்தீர்கள். அவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தப் போன உதவியாளரிடம், "தொறந்தே இருக்கட்டும், காத்து வரட்டும்" என்றீர்கள்.

"இவங்களுக்கே குடுத்துக்கினு இருந்தா ஊருக்கு இன்னா செய்யறது? வளைவு இல்லாத ஊரு நம்மளுதுதான். வெளிய சொன்னா பேஜாரா கீது" என்றார் ஒரு கவுன்சிலர்.

வராந்தாவிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது: "வளைவு கட்டு கண்ணு. அதுக்கு அடியிலயே என்னைத் தூக்கிக்கினு போ. ஒன் தெரு சாக்கடைய அள்ளினவ இன்னும் உசுரோடதான் கீறேன், நல்லா பாத்துக்க!"

எல்லோரும் சிரித்தார்கள், அந்தக் கவுன்சிலரும்தான். ஆனால் மனம் மாறவில்லை. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "வளைவும் வாணாம், பில்லத் தள்ளவும் வாணாம். வூட்டை அளப்போம்."

"ஓட்டு போட்டவன் வூட்லயா?" என்றார் அந்தக் கவுன்சிலர்.

"மொதல்ல என் வூட்ல."

உங்கள் கணவர் கொத்து மேஸ்திரி. அவர் கையால் கட்டிய மாடி, அலுவலகக் கணக்கில் ஏறவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. "அந்த மாடி ஊருக்கே தெரியுது, ஆபீசுக்கு மட்டும் தெரியல. ஜல்தி டேப்பை எடுங்க" என்று எழுந்தீர்கள்.

கூட்டமே நடந்து வந்தது, பின்னால் பென்ஷன்காரர்கள். மாடியில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்த உங்கள் கணவர் திகைத்துப்போனார். "இன்னாமே இது, ஊரே வந்துகீது?"

"ஒங்க வேலைய அளக்க வந்துகீறாங்க. மல்லாட்டைய ஓரமாத் தள்ளுங்க."

டேப்பின் ஒரு முனையை வளைவு கேட்ட கவுன்சிலரிடமே கொடுத்தீர்கள். அளந்து முடித்ததும் கீழே வாசலில் நின்ற கன்னியம்மா அண்ணாந்து கேட்டார்: "அடுத்தது யாரு வூடு கண்ணு?" கையில் டேப்போடு நின்ற மனிதர், தன் இரண்டு மாடி வீட்டுக்கு வழிகாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்!

ஒவ்வொரு வீடாக அளந்தார்கள், வரி ஏறியது. பில்கள் தள்ளப்படவில்லை. கன்னியம்மாவின் புதுச்சேரிப் பயணம் நிற்கவில்லை. அடுத்த தேர்தலில் மட்டும் நீங்கள் தோற்றீர்கள். ஆறுதல் சொல்ல வந்த என்னிடம், "வரி ஏறினா கோவம் வரும்தான் சார். எனக்கே வந்துச்சே. அந்தம்மா பஸ்ஸுல போய்க்கினுதானே கீது, அது போதும்" என்று சிரித்தீர்கள்.

நெருக்கடி இன்னும் தீரவில்லை. ஓய்வு பெறுகிறவர்கள் கூடுகிறார்கள், வைத்தியம் விலை ஏறுகிறது. புதிதாக வரும் துப்புரவுப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை. செலவு மிச்சம் என்கிறார்கள் அதிகாரிகள். அந்தச் செலவு யார் வீட்டுக்குப் போனது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். இப்போது ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் நான் கேட்கிறேன்.

எந்த ஊருக்குள் நுழைந்தாலும் வளைவைப் பார்ப்பதில்லை, மாடிகளைப் பார்க்கிறேன். பெரும்பாலான ஊர்களில் பணம் இருக்கிறது. தன் வீட்டிலிருந்து அளக்கத் தொடங்குகிறவர்கள்தான் குறைவு. ஒருவர் தொடங்கினால் நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை வரி வசூலர் தனியாகத்தான் வந்திருந்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார். நான் வாங்கி, சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.