நீலம் போன இடம்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் ஜிங்க் ஆக்சைடு நானோ பொடியை எங்கள் கம்பம் தோட்டத்துத் திராட்சை இலைச் சாற்றில்தான் செய்கிறேன். இந்த முறை பொடி வெள்ளையாக வரவில்லை, கறுத்திருந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“நீ எல பறிச்சதுக்கு மொத நாளுதான மயில்துத்தம் அடிச்சோம் ஆத்தா. எலையக் கழுவலையா?”

கழுவவில்லை. அந்த மயில்துத்த மருந்திலிருந்த செம்பு பொடியில் கலந்துவிட்டது. கொட்டத்தான் எடுத்தேன். மனம் கேட்காமல் ஒரு சிட்டிகையை நீலச் சாயத் தண்ணீரில் போட்டு, கல்லூரி மாடி வெயிலில் வைத்தேன். வெள்ளைப் பொடிக்கு ஒரு பகல் பிடிக்கும். சாப்பிட்டு வருவதற்குள் தெளிந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். “அந்த நீலம் எங்கன போச்சு?” என்றார். ஆய்வேட்டில் அதைப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். “வெயில் தின்னுருச்சுப்பா” என்றேன்.

மறுபடி செய்தால் வருமோ என்னவோ. தெளிந்த தண்ணீரை வடிகட்டி வைத்த குப்பியை இந்தப் பக்கத்தின்மேல் வைத்திருக்கிறேன். அதன் வழியே என் கையெழுத்து தெரிகிறது.