உன் வரம்பை நீதான் நிரப்ப வேண்டும்

அன்பு மகள் கீச்சுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம், என் வலது கட்டைவிரலைத் தவிர. அது போன வாரம் தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு இப்போது பெரிய கட்டுக்குள் ஓய்வெடுக்கிறது. பயப்படாதே, தையல்கூடப் போடவில்லை. நீ நலமா, உன் இருமல் விட்டதா என்பதை முதலில் தெரிவி. விரல் ஆறும்வரை பேனா பிடிக்க முடியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்து நூலகத்தைப் பாதிக்கு மேல் படித்து முடித்தவள், நான் கொச்சையாகச் சொன்னால் எழுத மாட்டேன் என்கிறாள். நான் "அடி கழுதை" என்றால் அவள் "அன்பு மகளே" என்று எழுதுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் எங்கெல்லாம் "அன்பு மகளே" என்று வருகிறதோ அங்கெல்லாம் அம்மாவின் குரலில் படித்துக்கொள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ "சரிம்மா சரிம்மா, பாத்துக்கறேன், டாக்டர் கூப்பிடறாரு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். விஷயம் நீ அனுப்பிய பணம்தான். நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பொய்ப்பல் செய்து நீ சேர்த்த பணத்தை, உன் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடாமல் என் பெயருக்கு அனுப்பி, "நீங்க போட்டுக்கோங்கம்மா, வருஷத்துக்கு இவ்வளவுதான்னு வரியில்லாம போடற உங்க லிமிட் வீணாப் போகக் கூடாது, எனக்கு வீடு இப்போதைக்கு வேண்டாம்" என்று சொன்னாயே, அன்பு மகளே, அதைக் கேட்டு நான் மகிழ்ந்துவிட்டேன் என்றா நினைத்தாய்? அன்று வெட்டும் மேசை மேல் விரித்த துணியில் கத்தரியை வைத்துவிட்டு அதை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள், சிரிப்பாய். எங்கள் இருவர் சேமிப்புக் கணக்கிலும் ஏதோ மாறிக் கிடக்கிறது என்று வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கும் அந்த அம்மாதான் பேசினார். நேரில் வந்து போங்கள் என்றார். உன் அப்பாவுக்கு அப்போது ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் இல்லை, பயிற்சிக் காரிலேயே என்னையும் உன் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போனார். காரின் கூரை மேல் கற்றுக்கொள்பவர் என்ற பலகை இருந்ததால் வழியெல்லாம் எல்லோரும் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். கவுண்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகுதான் வெளியே வந்தது. உன் அப்பா மாதத் தொடக்கத்திலேயே, எனக்குத் தெரியாமல், தன் சேமிப்பைக் கொண்டுபோய் என் கணக்கில் போட்டு என் வரம்பை நிரப்பிவிட்டார். நானும் விடுதிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த பணத்தை, அவருக்குத் தெரியாமல், அவர் கணக்கில் போட்டு அவர் வரம்பை நிரப்பியிருந்தேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவங்கவங்க பணத்த அவங்கவங்க கணக்குலயே போட்டிருந்தாலும் இதே கணக்குதாம்மா வந்திருக்கும், அடுத்தவங்க கணக்குல போடறதுக்குன்னு எழுதற ரெண்டு படிவம் எனக்கு மிச்சமாயிருக்கும்" என்றார். உன் அப்பா விடுவாரா? "நான் இவ வண்டிய ஓட்டிட்டு வந்தேன், இவ என் வண்டிய ஓட்டிட்டு வந்தா, பார்க்கிங் என்னவோ ஒழுங்காத்தான் இருக்குங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

சிரித்து முடித்தபின் நான் உன் பணத்தைப் பற்றிக் கேட்டேன். அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் மாறியது. எங்கள் இருவர் வரம்பும் நிரம்பிவிட்டதால் உன் பணத்துக்கு இங்கே இடமில்லை, சாதாரணக் கணக்கில்தான் கிடக்கும், வட்டிக்கு வரி பிடிப்பார்கள் என்றார். அனுப்பிய மகளின் வரம்பு என்ன ஆயிற்று என்று அவர் கேட்க, அது காலியாகத்தான் இருக்கும் என்றேன். "அப்ப முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. மாசக் கடைசியோட வரி ஆண்டு முடியுது. இந்த வருஷத்து இடம் இந்த வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் வந்து, போன வருஷம் விட்டுட்டேன், சேர்த்துப் போடறேன்னா எடுத்துக்க மாட்டோம். உங்க பொண்ணு இடத்துல நீங்க உக்காரவும் முடியாது, உங்க இடத்துல அவங்களும் உக்கார முடியாது" என்றார். உன் தங்கை அங்கிருந்த விளம்பரத் தாளை நின்ற இடத்திலேயே கடைசி வரி வரை படித்துவிட்டு, சிறிய எழுத்தில் இருப்பதும் அதையேதான் சொல்கிறது என்று உறுதி செய்தாள்.

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். உன் அப்பாவின் பிறந்தநாள் கேக்கில் கடைசித் துண்டு அப்படியே இருந்தது. அவர் எனக்கென்று விட்டிருக்கிறார், நான் சின்னவளுக்கென்று விட்டிருக்கிறேன், அவள் அப்பாவுக்கென்று விட்டிருக்கிறாள். நீ இங்கே இருந்தால் நீயும் விட்டிருப்பாய். நம் வீட்டில் எந்தக் கேக்கின் கடைசித் துண்டையும் யாரும் தின்றதில்லை, அது காய்ந்து ஓரம் கல்லாகிக் குப்பைக்குத்தான் போகும். அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீயும் அதே போலத்தான் உன் வரம்பை எங்களுக்கென்று தட்டில் விட்டு வைத்திருக்கிறாய், ஆனால் அதை எங்களால் தின்ன முடியாது, வேறு யாராலும் முடியாது, மாதக் கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

என் இயந்திரம் பழசாகிவிட்டது, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சின்னவள் உனக்கு எழுதியிருக்கிறாள், அதனால்தான் நீ பணம் அனுப்பினாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. (இந்த வரியை எழுதும்போது அவள் பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.) இயந்திரம் பழசுதான், ஆனால் ஓடுகிறது, விரலையே தைக்கிற அளவுக்கு வேகமாக ஓடுகிறது. ஆர்டர் குறைந்தது மழை மாதத்தில். இப்போது விடுதிக்காரர் இரண்டாம் மாடிக்கும் கேட்டிருக்கிறார். உன் அப்பாவிடமும் காலையில் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆள் வருகிறது, அதில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒவ்வொரு திருப்பத்திலும் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கேட்கிறாராம். ஆகவே எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு இருக்கும் ஒரே கவலை உன் அறைதான். போன வருடம் வந்தபோது பார்த்தேனே, ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், மதியத்திலும் விளக்குப் போட வேண்டும், துவைத்த துணி உள்ளேயே தொங்கிக்கொண்டு ஈர வாடை அடிக்கிறது. அந்த ஈரத்தில் இருமல் எப்படி விடும்? வெயில் விழுகிற மாடியில் சின்னதாக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன் என்று போட்டோ அனுப்பினாயே, அதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் எப்படி வந்தது?

நீ அனுப்பிய பணம் முழுவதையும் இன்று காலை உனக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கோபிக்காதே, கோபித்தாலும் அது உன் கணக்கில்தான் இருக்கும். இந்தக் கடிதம் வந்து சேரும்போது மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும். கடைசி நாள் வரை தள்ளாதே, அன்றைக்கு ஊரே வங்கியில் நிற்கும். சாப்பாட்டு இடைவேளையில் போய், வரம்பு எவ்வளவோ அவ்வளவையும் உன் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடு. மிச்சம் இருப்பதைச் சாதாரணக் கணக்கில் வை. வீட்டுக்கு முன்பணம் கட்டும்வரை நடுவில் எடுத்துச் செலவு செய்யாதே, எடுத்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள். சாப்பிடாமல் போகாதே. இரவில் தலைக்குக் குளிக்காதே.

இன்னொரு செய்தி. அந்தக் கேக்கின் கடைசித் துண்டை உன் அப்பா எல்லோர் முன்னாலும் தட்டில் வைத்து, ஓரம் கல்லாக இருந்தும் காப்பியில் தோய்த்து, முழுவதும் தின்றுவிட்டார். "பொண்ணுக்கு எழுது, அப்பா தன் பங்க தின்னுட்டாருன்னு. இனி அவ முறை" என்றார். எழுதியாயிற்று.

எல்லா நலமும் பெற்று, வெயில் விழும் வீட்டில் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். மறந்துவிடாதே, வங்கியில் பணம் போட்ட கையோடு அந்த மாடி வீட்டுக்குப் போய் ஜன்னலின் அகலமும் உயரமும் அளந்து எனக்கு அனுப்பு. மஞ்சள் துணி வாங்கி வைத்திருக்கிறேன். கட்டு பிரிப்பதற்குள் அளவு வந்துவிட வேண்டும்.

இடது கையால், கோணலாக,
உன் அம்மா