மேலே கட்ட வேண்டியது

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஆம்னி வேனைக் கழுவினேன். வெளியே மட்டும். சோப்புத் தண்ணீர் ஓடி எதிர்வீட்டுக் கோலத்தை அழித்துவிட்டது. அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஹம்சா போனதிலிருந்து பழங்காநத்தத்தில் என்னிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

மகள் இந்து நேற்றுச் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். பல் மருத்துவப் படிப்பு, பயிற்சி எல்லாம் முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் சேரவேண்டும். அதுவரை என்னோடு இருப்பாள். பையை வைத்ததும் கேட்டாள்: "அப்பா, இந்த வருஷம் கண்மாய்க்குப் போறோமா?"

ஆடியில் ஹம்சாவின் பிறந்த நாள். வருஷா வருஷம் திருவாதவூர்ப் பக்கம், நல்லகாமனின் வயலை ஒட்டிய கண்மாய்க் கரையில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்குவோம். ஊரே கொடைக்கானல் போகும். என் மனைவிக்கு மட்டும் வறண்ட கண்மாய். "கொடைக்கானல்ல ஒரே கூட்டம். இங்க நீங்களும் நானும் கத்திச் சண்டை போட்டாலும் கேக்க ஆளில்ல" என்பாள்.

போகலாம் என்றேன். சொன்ன பிறகுதான் வண்டிக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஜூலை 8

வேறு யாரிடம் சொல்ல, இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசி மாதங்களில் ஹம்சாவால் உட்கார முடியவில்லை. ஆம்னியின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, அதில் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா, மெதுவா" என்பாள். மெதுவாகத்தான் போவேன். ஆனாலும் சொல்வாள்.

அவள் போன பிறகு, செத்தவர்கள் படுத்த படுக்கை வீட்டில் இருக்கக் கூடாது என்று அவள் அக்கா ரங்கநாயகி பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். முறைதான். நான் குறுக்கே நிற்கவில்லை. மெத்தை வண்டியில் இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

தலைமாட்டில் இன்னும் அவள் தேய்த்த தைல வாசனை இருக்கிறது. திறந்தால் போய்விடும் என்று பின்கதவையே திறப்பதில்லை. ஐம்பத்தேழு வயசு. மிஷன் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வாசனை எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டுகிறவன்.

ஜூலை 12, சனி

இந்து திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். "பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஜூலை 16

நல்லகாமன் போன் செய்தார். "கண்மாய்ல சொட்டுத் தண்ணி இல்ல சார். நம்ம மோட்டாரும் காயில் போயிக் கெடக்கு. குடிக்க, கைகழுவ எல்லாம் நீங்களே கொண்டாந்துருங்க." ஆக, பெரிய தண்ணீர் கேன்கள் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஆளைவிடக் கனம்.

சாமான் ஏற்றுவது எப்போதும் ஹம்சாவின் வேலை. தண்ணீர், அடுப்பு, சின்ன சிலிண்டர், கூடாரத்தின் இரும்புக் கம்பி எல்லாம் வண்டித் தரையில், சக்கரத்துக்கு நடுவில். மேலே கேரியரில் பாய், தலையணை, கூடாரத்துணி மட்டும். கட்டி முடித்ததும் "ஆட்டிப் பாருங்க" என்பாள். நான் கேரியரைப் பிடித்து உலுக்கவேண்டும். வண்டி அசைந்தால் பரவாயில்லை, சாமான் அசையக் கூடாது. முதல் தடவையே அவளுக்குத் திருப்தி வந்ததில்லை. "நீ என்ன லாரி ஆபீஸா நடத்துற?" என்று நான் கத்துவேன்.

இப்போது தரை முழுக்க மெத்தை.

ஜூலை 18, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் எல்லாவற்றையும் கேரியரில் ஏற்றிவிட்டேன். தண்ணீர், அடுப்பு, சிலிண்டர், கம்பி, எல்லாமே மேலே. நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வீட்டு இன்பசேகரன், எங்கள் பள்ளியிலேயே ஆங்கிலம் எடுக்கிறவர், சுற்றிவந்து பார்த்தார். "என்ன சார், கனத்தைப் பூராவும் மேல ஏத்திட்டீங்க? உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"பின்சீட்டு" என்றேன். பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மேற்கொண்டு கேட்கவில்லை. "பாத்து சார். காத்து வேற அடிக்குது. மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

திருப்பரங்குன்றம் வரை ஓட்டிப் பார்த்தேன். கோயிலைத் தாண்டித் திரும்பும்போது, ஸ்டியரிங் நேரான பிறகும் வண்டி ஒரு நொடி சாய்ந்தே இருந்தது. பாரம் மேலே ஏற ஏற ஈர்ப்பு மையம் மேலே போகும், சின்னச் சாய்மானம்கூட வண்டியைக் கவிழ்த்துவிடும். பதினோராம் வகுப்புக்கு முட்டையை வைத்துக்கூட நடத்தியிருக்கிறேன். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. மெதுவாகப் போகத்தான் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே.

ஜூலை 19, சனி

கிளம்புகிறோம். இந்து அவள் அம்மாவின் துணித் தொப்பியைப் போட்டிருக்கிறாள்.

ஜூலை 22

இந்துவின் வலது கை மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. என்னால். என் உடம்பால்.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரிங் ரோட்டில் ஏறியதுமே பக்கக் காற்று அறைந்தது. ஒரு லாரி கடந்து போனபோது வண்டி முதலில் அதன் பக்கம் இழுத்தது, பிறகு இந்தப் பக்கம் தள்ளியது. இந்து, "அப்பா, ஓரமா நிறுத்துங்க. தண்ணி கேனையெல்லாம் உள்ள வச்சிருவோம். மெத்தையச் சுருட்டி மேல கட்டிக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்ட்ரம்தான். எழுதினால் எனக்குத் தமிழாகத்தான் வரும். அவளும் முதலில் எங்கள் பாஷையில்தான் சொன்னாள். நான் முடியாது என்றேன். புழுதியிலும் காற்றிலும் அந்த மெத்தையா? வாசனை போய்விடாதா? அதை அவளிடம் சொல்ல வெட்கம். "வாய மூடிக்கிட்டு வா" என்றேன். உடனே தமிழுக்கு மாறினாள். சண்டை என்றால் அவளுக்குத் தமிழ்தான், திட்ட வசதியாக இருக்கிறதாம். "வண்டி ஆடுறது ஒங்களுக்குத் தெரியலையா? இல்ல தெரியாத மாதிரி ஓட்டுறீங்களா?"

ரொம்ப மெதுவாகத்தான் ஓட்டினேன். மெயின் ரோடு முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான், இனி யார் பிடிக்கப் போகிறார்கள் என்று. இந்து கழற்றவில்லை.

கண்மாய்க் கரை மேல் மண்பாதை. எதிரே புல்லுக்கட்டோடு ஒருவர் மொபெட்டில் வந்தார். இடம் விடுவதற்காக இடதுபக்கம் ஒதுங்கினேன். ஓரத்து மண் இறங்கியது. வெறும் வண்டியாக இருந்தால் சாய்ந்தபடி நின்றிருக்கும், யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள். மேலே கயிறு நழுவி, தண்ணீர் கேன் மொத்தமும் இடப்பக்கம் போனதை நான் முதுகில் உணர்ந்தேன். வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கேன் உடைந்து தண்ணீர் ஓடிய சத்தம்தான் கேட்டது.

பெல்ட் இல்லாத நான் அவள் மேல் விழுந்தேன். என்னைத் தாங்கத்தான் கையை நீட்டியிருக்கிறாள். அந்தக் கை மேல்தான் முழுப் பாரமும். என் பாரம்.

நல்லகாமன் ஆட்களோடு ஓடிவந்து முன்கண்ணாடியை உடைத்து எங்களை வெளியே எடுத்தார். இந்து கத்தவில்லை. கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். டாக்டர் இல்லையா, பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 25

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். விரல் நுனி அசைகிறது. வார்டில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அம்மா படுத்த மெத்தைக்காக என்னையக் கவுத்துட்டீங்களேப்பா."

தமிழில். சத்தம் போடாமல்.

ஜூலை 27, ஞாயிறு

ரங்கநாயகி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெத்தை விஷயம் அவருக்கு எப்படியோ போய்விட்டது. நல்லகாமன்தான் காயவைத்து, கிழிசலோடு கட்டிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்திருக்கிறார், ரங்கநாயகி வாசலிலேயே பார்த்திருப்பார். வராந்தாவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "எந்தங்கச்சி சாகக் கெடந்த மெத்தைய வண்டிக்குள்ள வச்சுக்கிட்டா ஊரச் சுத்துனீங்க? ஒரு முறைனு வச்சிருக்கிறது எதுக்கு? பொண்ணு கை போச்சே, இப்ப என்ன சொல்றீங்க?"

படுக்கையால் கை போகவில்லை, பாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாததால் போயிற்று. இதை அவரிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது. பிறகு அவரே அழுதார். எனக்கும் வந்தது. நர்ஸ் வந்து இரண்டு பேரையும் பார்த்துச் சத்தம் போடாதீர்கள் என்றாள்.

ஆகஸ்ட் 20

கோயம்புத்தூர் கிளினிக்கில் வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. இந்து போனில் "பரவாயில்ல மேடம், புரியுது மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டு ஒரு கையால் துணி மடித்தாள். நான் உதவிக்குப் போனேன். "வேணாம், நானே பாத்துக்கிறேன்."

வீட்டில் எல்லாப் பேச்சும் தமிழில்தான். சாப்பிடுங்க. மாத்திரை போட்டாச்சு. கதவச் சாத்திட்டேன். எங்கள் பாஷை இந்த வீட்டில் பேச ஆளில்லாமல் போய்விட்டது. நான் பேசினால் பதில் தமிழில் வருகிறது.

செப்டம்பர் 14

ஹம்சாவுக்கு வருஷ திதி. சாஸ்திரிகள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். இந்து இடது கையால் பரிமாறப் போய், பெரியம்மா முறைக்கவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. கரண்டியை நான் வாங்கிப் பரிமாறினேன்.

அக்டோபர் 30

எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். தினசரி வேலைக்கு ஒரு குறையும் இருக்காதாம். பல்லுக்குள் துளையிடுகிற நுட்பமான பிடி மட்டும் முழுசாகத் திரும்பாது. மட்டும்.

ஆட்டோவில் வரும்போது இந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மன்னிச்சிரும்மா என்று சொல்ல நினைத்தேன். இவ்வளவு நாள் அதைக்கூடச் சொல்லவில்லையே நான்? வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னேன். "தெரியும்ப்பா" என்றாள்.

நவம்பர் 23

அடுக்களையில் சத்தம் கேட்டுப் போனேன். பல் டாக்டர்கள் சொத்தையைக் குத்திப் பார்க்கிற மெல்லிய கம்பியை வலது கையில் பிடித்து, வேகவைத்த நிலக்கடலையின் தோலை உரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் கடலை. கம்பி கையை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நான் உட்கார்ந்து கடலையைப் பொறுக்கினேன். அவளும் பொறுக்கினாள். இரண்டு பேரும் அதைத் தின்றோம்.

டிசம்பர் 28

ஆம்னி பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. இடப்பக்கக் கதவு புதுசு, வெள்ளையில் கொஞ்சம் வேறு வெள்ளை. வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். இந்து, "வித்துட்டு? பஸ்லயா போவீங்க? வயசான காலத்துல ஒங்களுக்கு பஸ் ஏற முடியாது" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கியது.

ஜனவரி 18

கோயம்புத்தூரிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாயிலிருந்து எடுக்கிற திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய் என்னவென்று சொல்வது. ஹம்சாவுக்கு முதலில் நோயைக் கண்டுபிடித்ததும் அப்படி ஒரு ஆள்தான். அதை நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. "நோயாளி முகத்தப் பாக்காத வேலை" என்று மட்டும் சொன்னாள். அவள் படித்தது நோயாளி முகம் பார்க்கத்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இந்துவைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விடிந்ததும் சாமான் ஏற்றினோம். புத்தகப் பெட்டி, குக்கர், அடுப்பு, அரிசி எல்லாம் வண்டித் தரையில், சக்கரத்துக்கு நடுவில். அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். அங்கே அறையில் கட்டில் இல்லையாம். உள்ளே போய் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். கிழிசலை எப்போதோ அவளே தைத்திருக்கிறாள், தையல் கோணல்மாணல்.

"இத எடுத்துக்கவா?"

எடுத்துக்கோ என்றேன். நானே சுருட்டினேன், பிளாஸ்டிக் ஷீட் சுற்றினேன், தூக்கினேன். கனமே இல்லை. கடைசியில் ஹம்சாவையும் இப்படித்தான், ஒரு ஆளாக, மூச்சு வாங்காமல் தூக்கினேன். வீட்டில் இருந்ததிலேயே லேசான சாமான் அது. ஒரு ஷீட்டைச் சுற்றி மேலே கட்டியிருந்தால் வாசனையும் பத்திரமாக இருந்திருக்கும், தண்ணீரும் கீழே இருந்திருக்கும். அவள் ரிங் ரோட்டில் சொன்னது இம்புட்டுத்தானே? கனத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவை மேலே கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதானே சொன்னாள்?

கேரியரில் வைத்துக் கயிற்றைப் போட்டேன். முடிச்சை அவள் போட்டாள். இடது கையால் இழுத்து, வலது கையால் பிடித்துக்கொண்டாள். சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை நின்றது.

அப்புறம் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, "ஆட்டிப் பாருங்கப்பா" என்றாள். எங்கள் பாஷையில்.

கேரியரைப் பிடித்து உலுக்கினேன். வண்டி அசைந்தது. மெத்தை அசையவில்லை. அவளுக்குத் திருப்தி வரவில்லை, இன்னொரு தடவை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன். பெல்ட்டைக் கோயம்புத்தூர் வரை நான் கழற்றவில்லை.