செவ்வாய், வெள்ளி என் முறை

ஜூன் 2, ஞாயிறு

ஜெப நோட்டை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "உன் கையெழுத்துதாம்மா எல்லாருக்கும் புரியுது" என்றார். ஐஸ் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

யாருக்காக ஜெபிக்க வேண்டும், யார் வீட்டுக்கு யார் எந்தக் கிழமை போக வேண்டும், எல்லாம் அந்த நோட்டில்தான். இப்போது முதலில் இருப்பது வெல்டர் அண்ணனின் மனைவி. முதுகெலும்பில் கட்டி, நாலு மாதமாகப் படுக்கை. அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டால் வீட்டில் ஆளில்லை. அதனால் சபையில் ஐந்து பேர் பகலில் மாறி மாறிப் போகிறோம். செவ்வாய், வெள்ளி என் முறை.

ஜூன் 4, செவ்வாய்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் புண் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும், "அந்தப் பக்கம் வெந்துடுச்சான்னு பாரு" என்கிறார். மனுஷிக்கு அந்த வலியிலும் வாய் அடங்கவில்லை.

விரிப்புகளை வழக்கம்போல் நான் வேலை பார்க்கும் லாண்டரிக்கு எடுத்து வந்து, மதிய ஷிப்டில் மெஷினில் போட்டேன். கறை இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

வெல்டர் அண்ணன் ஆராதனையில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னார். "என் மனைவிக்குச் சுகம் கிடைத்துவிட்டது." எல்லோரும் கைதட்டினோம். சிலர் அழுதார்கள். சாட்சி சொல்லிவிட்டால் பெயரை அடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். அதோடு அவர் வீட்டுக்குப் போகும் முறையும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை அக்காவால் கையைத் தூக்கவே முடியவில்லையே? — கேட்டால் அவிசுவாசி என்பார்கள். கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பத்து மணி வரை தூங்கினேன். சுகமாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வரவில்லையா என்றேன். "அடுத்த வாரம் வருவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 25, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் லாண்டரிக்கு ஒரு பையோடு வந்தார். வாடிக்கையாளர் மாதிரி கவுண்டரில் வைத்தார். பிரித்தேன். விரிப்பு முழுக்க ரத்தமும் சீழும். படுக்கைப் புண்ணின் நாற்றம், எனக்குத் தெரியும்.

அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். பதினாறு நாள். அண்ணன் தினமும் காலையில் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலை வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இடுப்புக்குக் கீழே என் கை போகிற அளவுக்குப் புண்.

"சுகமாயிடுச்சுன்னு வாயால அறிக்கை பண்ணினா சுகமாகும்னு நம்பித்தாம்மா சொன்னேன். அப்புறம் எந்த முகத்தோட வந்து இல்லைன்னு சொல்றது?" என்றார் பின்னாலேயே வந்த அண்ணன்.

அறையலாம் போல இருந்தது. அக்காதான், "அவரைத் திட்டாதே" என்றார். "நீங்க யாரும் வரலையா, என்மேல எதுவும் வருத்தமோன்னு நெனச்சேன்."

ஐயோ, நான் தூங்கிட்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை, பத்து மணி வரைக்கும் தூங்கிட்டு இருந்தேனே.

ஜூன் 26, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணன் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டார் என்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். எழுந்து நின்றேன்.

"அவர் சொன்னது பொய்யாவே இருக்கட்டும். நாம நிஜம்னுதானே நம்பினோம்? நாலு மாசம் படுக்கையில கிடந்தவ எழுந்துட்டான்னா, ஓடிப்போய்ப் பார்க்கணும்னு ஒருத்தருக்காவது தோணிச்சா? எனக்குத் தோணலை."

பாஸ்டர் உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பதினாறு நாளில் அவரும் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டார். சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு முறை போட்டோம். கேட்காமலே பத்துப் பேர் முன்வந்தார்கள். இப்போது.

ஜூலை 6, சனி

அக்கா போய்விட்டார். என் முறையில் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணன் சபைக்கு வரவில்லை. பட்டறைக்கும் போவதில்லையாம். பாஸ்டர் போனபோது, நன்றாக இருக்கிறேன் என்று உள்ளிருந்தே அனுப்பிவிட்டாராம். நோட்டில் அக்காவின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அண்ணனை எழுதினேன். செவ்வாய், வெள்ளி நானே எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

எட்டு மணிக்குக் கதவைத் தட்டினேன்.

"நான் நல்லா இருக்கேம்மா. நீ போ."

"நல்லா இருந்தாலும் பரவாயில்லைண்ணா. பார்த்துட்டுப் போறேன்."

படியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. இரண்டு தரம் எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

பத்தரைக்குத் திறந்தார்.