திண்டுக்கல்லில் ஆலிவ் மரம் இல்லை

ஜூன் 10, செவ்வாய்

டீச்சர்கள் எல்லாரும் இனி இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் சார் வந்து எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். இன்றைய பாடம் 'எக்ஸ்டென்ட் ஆன் ஆலிவ் பிராஞ்ச்'. ஆலிவ் கிளையை நீட்டுவது. அதாவது, சண்டை போட்டவரிடம் நாமே முதலில் சமாதானத்துக்குப் போவது. வாக்கியத்தில் அமைத்து வர வேண்டும்.

ஆலிவுக்கு நான் எங்கே போவேன்? கொல்லையில் இருந்தது ஒரே ஒரு முருங்கை. அதையும் பக்கத்து வீட்டு மகராசி, என் தம்பி பெண்டாட்டி ரீனா, ஏப்ரலில் நான் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து இடுப்பளவுக்கு வெட்டிப் போட்டாள். கம்பளிப்பூச்சி பிள்ளைத் துணியில் ஏறுகிறதாம். ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமோ?

ஜூன் 15, ஞாயிறு

சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். எல்லாரும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார்கள். ரீனா மின்விசிறிக்குச் சமாதானம் சொன்னாள். நான் தூணுக்கு.

ஜூன் 17

தம்பி கிளெமென்ட் வந்தான். 29ஆம் தேதி பிள்ளைக்கு ஞானஸ்நானமாம். "அக்கா, ஞானத்தாயா... ரீனாவோட தங்கச்சி, வத்தலக்குண்டுல இருக்காள்ல..." என்று இழுத்தான்.

"நல்லாருங்கப்பா" என்றேன். வயிற்றில் இருக்கும்போதே எனக்கென்று சொன்ன பிள்ளை. தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தாயாக நான்தானே ஏந்துவேன் என்று புதுச்சேலை வேறு எடுத்து — போதும். அழுதால் தலைவலிதான் மிச்சம்.

ஜூன் 20

சார் வாக்கியம் கேட்டார். "ஆலிவ் கிடைக்கல சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பும் இங்கிலீஷில்தான் வரும்போல.

ஜூன் 22

ரீனாவுக்குத் தாய்ப்பால் பற்றவில்லையாம். பிள்ளை அழுவது சுவர் தாண்டிக் கேட்கிறது. தம்பி முருங்கைக்கீரை தேடிச் சந்தை சந்தையாக அலைகிறான். வெட்டுவாளாம், அப்புறம் தேடுவாளாம்! நல்ல கூத்து.

வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருக்கிறது. ஒரு கிளையை ஒடித்து, இலை இலையாகப் பூச்சி பார்த்து, சுவருக்கு மேலே நீட்டினேன். ரீனா எட்டி வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 24

இன்றும் நீட்டினேன். "பூச்சி இருக்கா மதினி?" இத்தனை நாள் கழித்துப் பேசுகிற பேச்சைப் பார்!

"இருந்தா இன்னொருக்கா வெட்டு."

சிரித்துத் தொலைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்காம வெட்டுனது தப்புதேன் மதினி" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

வத்தலக்குண்டுக்காரி பட்டுச்சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியதும் என் கையிலிருந்த பயல் வீறிட்டுக் கத்தி, என் புதுச்சேலையை நனைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகிறது. இன்னும் மாற்றவில்லை.