தண்ணித்தொட்டியின் நிறம்

சாரதாம்பாளுக்கு,

திருக்கழுக்குன்றம் குளத்தில் கடைசியாகச் சங்கு பிறந்த வருஷம் புனேவுக்கு வாட்ச்மேனாக வந்தேன். அன்றுமுதல், பொம்மை ரயில் செய்கிற தமிழ்ப் பிள்ளைகளின் போன் குழுதான் எனக்குப் பேச்சுத்துணை. உன் முட்டிவலி எப்படி? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி கொண்டுவந்தவனும், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவனும் அந்தக் குழு ஆல்வின்தான்.

ஆனாலும் இவர்களோடு பேஜாரு. நம் செங்கல்பட்டு ஸ்டேஷனைப் பொம்மையாகச் செய்கிறார்கள். நான் அங்கே மூட்டை தூக்கிய காலத்தில் தண்ணித்தொட்டி என்ன நிறம் என்று கேட்டார்கள். பச்சை என்றேன், பூசினார்கள். வம்புக்குச் சிவப்பு என்றேன், அதையும் பூசினார்கள்.

"இன்னாப்பா, ஒருத்தனாவது எதுத்துப் பேசுங்களேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி, அண்ணாத்த" என்கிறார்கள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. உன் தம்பி ஜானகிராமனைக் குழுவில் சேரச் சொல். என்னோடு மூட்டை தூக்கியவர்களில், என்னைப் பொய்யன் என்று திட்ட மிச்சமிருப்பவன் அவன் ஒருத்தன்தான்.